கடனைக் கட்டியவருக்கு என்ன பயம்?

"ஒழுங்காகக் கடன் கட்டுகிறவர் சிபிலைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?" வங்கி மேலாளர் கேட்கிறார், தொலைக்காட்சியில் நிதி ஆலோசனை சொல்பவர் கேட்கிறார், மாதம் பிறந்ததும் இ.எம்.ஐ. கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் நம் நண்பர்களும் கேட்கிறார்கள். ஸ்கோர் ஒரு கண்ணாடி, நம் நடத்தையை அப்படியே காட்டுகிறது என்கிறார்கள். எங்காவது தப்பு நேர்ந்தால் புகார் கொடுக்கலாம், 30 நாளில் திருத்தித் தந்தாக வேண்டும், தராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு, இதற்கு மேல் ஒரு நுகர்வோருக்கு என்ன உரிமை வேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

இந்த வாதத்தை அடியோடு மறுக்கிறேன். சட்டத்தைப் படித்தாலும் சரி, ஒரே ஒரு கடன் அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் சரி, இந்த நம்பிக்கை நிற்காது.

முதலில், இந்த ஸ்கோரைப் போடுகிறவர்கள் யார்? சிபில் என்பது மத்திய அரசின் ஏதோ ஒரு துறை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு தனியார் நிறுவனம். 2000-இல் இங்குள்ள வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. இன்று அதன் பங்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் குழுமத்தின் கையில் இருக்கிறது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இதே தொழிலைச் செய்கின்றன. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2015-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் தவணையில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினாலும் உங்கள் பெயரில் நான்கு கோப்புகள் திறந்துவிடும்.

வங்கி பிடிக்கவில்லை என்றால் வேறு வங்கிக்குப் போகலாம். செல்போன் நிறுவனம் சரியில்லை என்றால் எண்ணை மாற்றாமலே வேறொன்றுக்கு மாறலாம். இந்த நான்கு கோப்புகளிலிருந்து விலக வழியே இல்லை. இவர்களுக்குப் பணம் கொடுத்து அறிக்கை வாங்குகிறவர்கள் கடன் கொடுப்பவர்கள், அவர்கள்தான் வாடிக்கையாளர்கள். விற்கப்படுவது நம் கதை. அதை நாமே பார்க்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். அதுவும் 2016-இல் ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்திய பிறகு வந்தது. அதற்கு மேல் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும்.

இனி அந்தக் கண்ணாடிக்கு வருவோம். அறிக்கையை ஒரு முறையாவது முழுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாத வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், மூன்று ஆண்டுகளுக்கு 36. தவணை பாக்கி இல்லாத மாதத்தில் மூன்று பூஜ்யம். 30 நாள் தாமதம் என்றால் அந்த எண். கடன் கொடுத்தவர் தகவலே அனுப்பவில்லை என்றால் வெறும் குறி. மேலே ஓர் ஓரத்தில் கணக்கின் நிலை: முடிந்தது, செட்டில் ஆனது, ரைட் ஆஃப் ஆனது. இந்தக் கட்டங்களை நிரப்புவது யார்? கடன் கொடுத்த நிறுவனம். அது அனுப்பியதைக் கடன் தகவல் நிறுவனம் ஏற்றிக்கொள்கிறது. தவணை கட்டிய ரசீதை அது பார்ப்பதில்லை, கடன் வாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இல்லை. பிறகு அந்தக் கட்டங்களை ஒரு சூத்திரத்தில் போட்டு 300-க்கும் 900-க்கும் இடையே ஓர் எண்ணை வெளியே தள்ளுகிறது. எந்தக் கட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் குறைந்தது என்பதற்கு முழுக் கணக்கு நமக்குக் கிடைக்காது. சூத்திரம் வணிக ரகசியம். ஆக, நாம் கையில் வாங்குவது நம் நடத்தையைப் பற்றி எதிர்த்தரப்பு எழுதிய வாக்குமூலம்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா பவர் மெஷின் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். கடைசித் தவணை வரை கட்டி, 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழையும் வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். கடையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று வங்கிக்குப் போனபோது மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். பாக்கி இருக்கிறதாம்; அதுவும் அவர் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தில். விஷயம் இதுதான்: தவணை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த நிதி நிறுவனம் தன் கடன்களை மொத்தமாக இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. தவணையைப் பழைய நிறுவனமே வசூலித்துக்கொண்டிருந்தது. புதிய நிறுவனத்தின் ஏட்டில் கடைசிச் சில தவணைகள் வரவு வைக்கப்படவில்லை. பழைய நிறுவனத்தைக் கேட்டால், "அது இப்போது எங்கள் கணக்கில் இல்லை" என்றார்கள். புதிய நிறுவனத்தைக் கேட்டால், "உங்களிடம் பணம் வாங்கியது நாங்கள் இல்லை" என்றார்கள். கடன் தகவல் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தால், "உறுப்பினர் நிறுவனம் திருத்தத்தை உறுதி செய்யவில்லை" என்று மின்னஞ்சல் வந்தது. அந்த அம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை. மகனின் செல்போனில்தான் படித்தார். 'ஒழுங்காகக் கட்டியவருக்கு என்ன பயம்' என்கிறவர்கள் இவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? இவர் கட்டியவர். ரசீதும் வைத்திருந்தவர்.

ஏதோ ஓரிரு ஊழியர்களின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2005 சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தக் கோரும் உரிமையை நமக்குக் கொடுக்கிறது. கோரிய 30 நாளுக்குள் திருத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சம்பந்தப்பட்ட கடன் நிறுவனம் அந்தத் திருத்தம் சரி என்று சான்றளித்த பிறகே மாற்ற முடியும். எவர் தவறாக எழுதினார் என்று புகார் சொல்கிறோமோ, அவர் ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தவறு தவறாகும். இதைத்தான் உரிமை என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

சரி, மேலே போகலாம் என்றால் 18-ஆம் பிரிவு இருக்கிறது. தகராறு வந்தால் சமரசம் அல்லது நடுவர் தீர்ப்பு. அதற்கு இரு தரப்பும் எழுத்து மூலம் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். அந்தத் தையல்கார அம்மா எதற்குச் சம்மதித்தார்? 31-ஆம் பிரிவு, இத்தகைய விவகாரங்களில் உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் தவிர வேறு நீதிமன்றங்களுக்குக் கதவை மூடுகிறது. 30-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காக நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்று கவசம் போடுகிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் வங்கியிடம் இழப்பீடு வாங்கியவர்கள் இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் கடன் தகவல் நிறுவனங்கள் மீது புகார் செய்யலாம். நல்ல ஏற்பாடுதான், வரவேற்கிறேன். ஆனால் படிவமும் மின்னஞ்சலும் கைவந்தவர்களுக்கே அந்த வாசல் திறக்கும். அங்கே போகும் முன்பும் நிறுவனத்திடம் முறையிட்டு 30 நாள் காத்திருந்தாக வேண்டும்.

அடுத்தது அந்த 100 ரூபாய். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. கடன் நிறுவனத்துக்கு 21 நாள் கெடு, மொத்தம் 30 நாள். அதைத் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். தாமதத்துக்கு. தவறாக எழுதியதற்கு அல்ல. உங்களைக் கடன் கட்டாதவர் என்று எழுதி, அதனால் உங்கள் வீட்டுக் கடன் நின்று, கொடுத்த முன்பணமும் போய், 29-ஆவது நாள் சரிசெய்துவிட்டால் ஒரு பைசா கிடையாது. "எங்கள் பதிவு சரியாகத்தான் இருக்கிறது" என்று கெடுவுக்குள் பதில் எழுதிவிட்டாலும் புகார் முடிந்ததாகக் கணக்கு. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாள் பத்து நாளில் வரும்போது, 31-ஆம் நாள் தொடங்கும் இழப்பீடு யாருக்கு ஆறுதல்? தவறாக எழுதினால் உடனே செலவு என்றிருந்தால்தான் சரியாக எழுத வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு வரும். 2023 ஜூனில் நான்கு நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. தரவு துல்லியமாக இல்லாதது, புகார்களைக் காலத்தில் முடிக்காதது போன்ற குறைகளுக்காக. ஒவ்வொன்றுக்கும் 24 முதல் 26 லட்சம் ரூபாய், எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய் அளவு. ஒன்று விடாமல் நான்குமே தவறியிருக்கின்றன. கண்ணாடி என்று நம்பச் சொல்லப்படும் இந்தத் தொழிலைப் பற்றி அதன் கண்காணிப்பாளரே கொடுத்த சான்றிதழ் இது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஓர் ஆவணத்தில் இனிஷியல் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால். பான் கார்டில் அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக விரியும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறும். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே வட்டத்தில் எத்தனை எம். லட்சுமி, எத்தனை கே. முருகேசன்! மகளிர் குழுக் கடன் வாங்கும் பெண்களிடம் பிறந்த தேதியே ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று என்று இருக்கும். குடும்பப் பெயர் உள்ள ஊர்களுக்காக வளர்ந்த பொருத்திப் பார்க்கும் முறைகள் இந்தப் பெயர்களிடையே தடுமாறாது என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறார்கள்?

பெயர்க் குழப்பம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே சாட்சி. கலிபோர்னியாவில் 2011-இல் ஒருவர் கார் வாங்கப் போனார். அவருடைய டிரான்ஸ்யூனியன் அறிக்கையில், அமெரிக்க அரசின் தடைப்பட்டியலில் உள்ள பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துபவர்கள் ஆகியோரின் பெயரோடு அவர் பெயர் பொருந்தக்கூடும் என்ற எச்சரிக்கை இருந்தது. முதற்பெயரும் கடைசிப் பெயரும் ஒத்துப்போனதுதான் ஒரே காரணம்; பிறந்த தேதியைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கார் கடை அவருக்கு விற்க மறுத்தது. வழக்குப் போட்டபோது இப்படிக் குறியிடப்பட்ட 8,185 பேர் அந்த வழக்கில் சேர்ந்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம், வெளியாருக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கேட்கும் தகுதி உண்டு என்றது. மற்றவர்களின் கோப்பில் அந்தக் குறி இருந்தும், அதனால் அவர்களுக்குப் பாதிப்பில்லை என்று முடிவானது. இந்தத் தொழிலுக்கென்று 1970 முதல் தனிச் சட்டம் வைத்திருக்கும் நாட்டில் இது நடந்தது. அங்கே மத்திய வர்த்தக ஆணையம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவருடைய அறிக்கையில் அவர் சுட்டிக்காட்டித் திருத்தப்பட்ட பிழை குறைந்தது ஒன்றாவது இருந்தது. டிரான்ஸ்யூனியன் குழுமமே இன்று இந்திய சிபிலின் உரிமையாளர்.

இங்கே மோசடிக் கடன் வேறு. 2022-இல் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும் அதனால் தன் சிபில் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாகவும் வெளிப்படையாகப் பதிவிட்டார். நடிகர் சொன்னால் நாடு கேட்கும். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர் எங்கே போய்ச் சொல்வார்? அறிக்கையை யாராவது பார்த்தால் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் மோசடிக் கடனோடு கோப்பில் ஏறியிருப்பது மோசடிக்காரர் கொடுத்த செல்போன் எண்ணாக இருந்தால் அந்தக் குறுஞ்செய்தி யாருக்குப் போகும்?

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் மதிக்கிறேன். சிபில் வருவதற்கு முன்னால் கடன் என்பது மேலாளரின் தயவாக இருந்தது. ஊரில் பெரிய மனிதரைத் தெரிந்தவருக்கும், சொந்தச் சாதிக்காரருக்கும் கடன் கிடைத்தது. முகம் தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை. கடன் வரலாறு என்ற ஒன்று வந்த பிறகுதான், யாரையும் தெரியாத ஓர் இளைஞர் தன் ஒழுங்கான தவணைகளை மட்டும் காட்டிக் கடன் வாங்க முடிகிறது. இது உண்மை. கடன் தகவல் நிறுவனங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மேலாளரிடம் எதிரே உட்கார்ந்து வாதாடலாம், மேலதிகாரியிடம் போய் முறையிடலாம், ரசீதை மேசை மேல் வைக்கலாம். இன்று அவரே கையை விரிக்கிறார்: "நான் என்ன சார் பண்றது, சிஸ்டம் அப்ரூவ் பண்ணல." கடனை ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்? மனிதரின் தயவு போனது நல்லது. அந்த இடத்துக்கு, கேள்வி கேட்க முடியாத ஓர் எண் வந்து உட்கார்ந்துகொண்டதை முன்னேற்றம் என்று ஏற்க மாட்டேன்.

அந்த எண் வங்கி வாசலோடு நிற்கவும் இல்லை. 2025-இல் பொதுத்துறை வங்கி ஒன்று, தேர்வெழுதித் தேர்வான ஒருவரின் நியமனத்தை அவருடைய பாதகமான கடன் வரலாற்றைக் காட்டி ரத்து செய்தது. வேலை அறிவிப்பிலேயே அந்த நிபந்தனை இருந்தது என்று சென்னை உயர் நீதிமன்றமும் ரத்தை உறுதி செய்தது. கடன் அடைக்க ஒருவருக்கு இருக்கும் ஒரே வழி வேலை. கடன் பாக்கியைக் காட்டி அதையே மூடினால் அவர் எதை வைத்து அடைப்பார்? அதே ஆண்டில் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனுக்கு சிபில் அறிக்கை கேட்கத் தொடங்கியபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். மழை பொய்த்த ஆண்டில் தவணை தவறுவது நடத்தைக் குறைவா? அந்தக் கட்டத்தில் 'மழை இல்லை' என்று எழுத இடம் கிடையாது.

கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் வேறு விதமாக யோசித்தது. 16,667 ரூபாய் பாக்கியையும், ரைட் ஆஃப் செய்யப்பட்ட ஒரு கடனையும் காட்டி ஒரு மாணவரின் கல்விக் கடனை வங்கி மறுத்திருந்தது. மாணவரின் ஸ்கோர் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்றார் நீதிபதி. கடனுக்கு இத்தனை ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்தக் குறைந்தபட்சத்தையும் விதிக்கவில்லை என்றும், முதல் முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் 2025 ஆகஸ்டில் மத்திய நிதித்துறை இணையமைச்சர் மக்களவையில் தெரிவித்தார். சட்டத்தில் இல்லாத ஒரு கதவைப் பழக்கத்தில் கட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்பதைத்தான் அந்தப் பதில் காட்டுகிறது. அந்தக் கதவு மூடியதும் மக்கள் கடன் வாங்காமல் இருந்துவிடுவதில்லை. மீட்டர் வட்டிக்குப் போகிறார்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது; வங்கியில் கடன் மறுக்கப்பட்டு வந்து நிற்கிறவரை அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

'செட்டில்' ஆன கணக்கின் கதை இன்னும் கொடியது. வேலை போன காலத்தில் வசூல்காரரே, "இவ்வளவு கட்டுங்க, கணக்கை முடிச்சிடலாம்" என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார். அந்த ஒரு சொல் அறிக்கையில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது சொல்வதில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சமரசம் செய்துகொண்டவருக்குக் குறைந்தது 12 மாத இடைவெளிக்குப் பிறகு வங்கி மீண்டும் கடன் தரலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஓராண்டு போதும் என்று ஒழுங்குமுறையாளர் கருதும் இடத்தில் கோப்பு ஏழாண்டு பேசுகிறது.

என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றும் புதிரல்ல. 21-ஆம் பிரிவின் அந்த நிபந்தனையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். புகார் பதிவான நாளிலிருந்து, சர்ச்சைக்குரிய அந்தப் பதிவு ஸ்கோர் கணக்கில் சேரக் கூடாது. கெடுவுக்குள் கடன் நிறுவனம் ஆவணத்தைக் காட்டி நிரூபிக்காவிட்டால் பதிவு தானாக நீங்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் குறைகள் பல இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அது நமக்கு முன்னே நிற்கிறது: சரிபார்க்க முடியாத தகவலை அங்கே நீக்கியாக வேண்டும். இங்கே சரிபார்க்க முடியாத தகவல் அப்படியே நிற்கிறது. இழப்பீடும் தாமதத்துக்கு என்றிருப்பது தவறுக்கு என்று மாற வேண்டும். முதல் நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.

அப்படிச் செய்தால் கடன் கட்டாதவர்கள் எல்லாரும் பொய்ப் புகார் கொடுத்துப் பதிவை நீக்கிக்கொள்வார்கள் என்பார்கள். உண்மையில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும், பணம் போன வங்கிக் கணக்கின் எண் இருக்கும், தவணை வந்த தேதிகள் இருக்கும். அவற்றை எடுத்துக் காட்ட ஒரு நாள் போதும். பொய்ப் புகார் அங்கேயே விழுந்துவிடும். அந்த ஆவணங்களைக் காட்ட முடியாத நிறுவனத்துக்கு ஒருவரைக் கடன் கட்டாதவர் என்று ஊருக்கெல்லாம் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?